ஆட்டுத்தலைக்குச் சண்டை போட்டவனுக்கு ஆத்தா இரங்கியது

ஆத்தாளின் அடியார்களே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மூன்று பெட்டி நிறையப் புத்தகம் வைத்திருந்தவன் நான், ஊரார் வழக்குக்கெல்லாம் நியாயம் சொன்னவன். அப்படிப்பட்டவன் ஒரு ஆட்டுத்தலைக்காகச் சொந்த மச்சானுடன் ஒரு வருஷம் பேசாமல் இருந்தேன்.

இலங்கை மலைநாட்டில், றொசல்லைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். மாரியம்மனுக்கு வெட்டும் கிடாயின் தலை, ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணிக்குச் சேரும், அது வழக்கம். காய்ச்சல் வருஷத்தில் பெரிய கங்காணி செத்துப்போனார். மிஞ்சியவர்கள் இரண்டு கங்காணிகள்: நானும், என் சம்சாரத்தின் அண்ணன் முத்தையாவும். ஆடித் திருவிழாவில் இருவரும் கை நீட்டினோம்.

"தலை எனக்கு, மாப்பிள்ளே. ஒங்களுக்கு வேணும்னா வால் இருக்கு" என்றார் அவர்.

யாரும் எடுக்க விடாமல் இரு தரப்பும் காவல் நின்றோம். கோயில் வாசலில் கிடந்த தலை மழையில் ஊறி வீங்கியது. கண்ணில் ஈ, காதில் புழு. நாற்றம் நாங்கள் குடியிருக்கும் லயம்வரை வந்தது. பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனார்கள். கடைசியில் துரை வீட்டு நாய் கவ்விக்கொண்டு போயிற்று. இன்றும் குமட்டுகிறது, அந்தத் தலையை நினைத்து அல்ல, அதற்குக் காவல் நின்ற என்னை நினைத்து.

இந்த லட்சணத்தில் என் மகள் செல்லம்மாவும் முத்தையா மகன் கந்தனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். முறைப்பையன்தான். என் வீம்பைத் தவிர வேறு தடை இல்லை. "அந்த வீட்டுக்குப் போனா நீ எம்மகளே இல்ல" என்றேன். முத்தையாவும் மகனிடம் இதையே சொன்னாராம். அந்த வருஷம் நாங்கள் ஒத்துப்போனது இதில் மட்டும்தான்.

மறு ஆடியில், ஒரு நாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குச் செல்லம்மாவும் கந்தனும் வரவில்லை. அடைமழை, ஆற்றில் வெள்ளம். ஒருவன் ஓடிவந்தான்: "கங்காணி, பாறையில ஒரு செவப்புச் சீலை சிக்கிக் கெடக்குதுங்க."

செல்லம்மாவிடமும் சிவப்புச் சீலை உண்டு. படித்த ஒரு வரியும் துணைக்கு வரவில்லை. கோயிலுக்கு ஓடி ஆத்தா முன்னால் விழுந்தேன்.

"தலையும் மரியாதையும் மச்சானே எடுத்துக்கட்டும் தாயே. எம்புள்ளைய மட்டும் உசுரோட குடுத்துரு!"

பக்கத்தில் இன்னொரு அழுகை. முத்தையா. "மாப்பிள்ளையே எடுத்துக்கட்டும் ஆத்தா, எம்மவன குடு!"

"இல்ல மச்சான், நீங்களே…"

"அட, நீங்க எடுத்துக்கங்க மாப்பிள்ளே!"

விட்டுக்கொடுப்பதில் யார் முந்துவது என்று அடுத்த சண்டை மூண்டிருக்கும். அதற்குள் பிள்ளைகள் இருவரும் கோயிலுக்குள் வந்து நின்றார்கள். அந்தப் பேய் மழையிலும் ஒரு சொட்டு நனையவில்லை. பாறையில் கிடந்தது மேல்தோட்டத்தில் யாரோ துவைக்கும்போது தவறவிட்ட சீலையாம்.

ஆவணி பிறந்ததும் கல்யாணம். கிடாத்தலை இப்போது பொதுக் குழம்புக்குப் போகிறது. நான் முன்போல நியாயம் சொல்லப் போவதில்லை. உங்களிடமும் இப்படியொரு அழுகிய வீம்பு இருந்தால், அவள் காலடியில் போட்டுவிட்டு வாய்விட்டு அழுங்கள். ஆத்தா கேட்பாள். என் அழுகையைக் கேட்டாள்.

இதை வீட்டில் சொன்னபோது என் சம்சாரம் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஆத்தா கேட்டாளோ என்னமோ, புள்ளைகளோட கோயில் பின்தாவாரத்துல ஒதுங்கி நின்ன நான் கேட்டேன். ரெண்டு பேரும் நல்லா அழுது முடிக்கட்டும்னுதான் கொஞ்சம் பொறுத்து அனுப்புனேன்."