கண் சிமிட்டாத மாமா

நாங்கள் குடும்பத்தோடு ஆதார் எடுக்கப் போன அன்றுதான் மாமாவின் கண்ணைப் பற்றிய சங்கதி வெளியே வந்தது. மாமா, அம்மாவின் தம்பி. செல்லூரில் எங்களுக்கு அடுத்த வீடு. விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒன்பது வயது. கண்ணைப் படமெடுக்கும் கருவியைக் கேமராக்காரர் நீட்டும்போதெல்லாம் சரியாகச் சிமிட்டித் தொலைத்தேன். நாலு முறை வீணானது. வரிசையில் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அடுத்து உட்கார்ந்த மாமாவுக்கு ஒரே தடவையில் முடிந்தது.

“பாரு பாப்பா, அண்ணே கண்ணே சிமிட்டல. இப்படி இருக்கணும்” என்றார் கேமராக்காரர். எனக்கு அவமானம்தான். ஆனாலும் மாமாவை நினைத்துப் பெருமையாக இருந்தது.

காலையிலேயே மாமாவிடம் கோபித்துக்கொண்டு எங்களோடு வராமல் இருந்துவிட்ட அவர் மனைவி, என் அத்தை, நாங்கள் திரும்பியபோது பையில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எழுமலையில் இருக்கிற தன் அம்மா வீட்டுக்குப் போகிறாராம்.

“எப்பப் பாத்தாலும் முறைச்ச மூஞ்சி. என் மேல அம்புட்டு வெறுப்புன்னா நான் எதுக்கு இங்க? போறேன்” என்று என் அம்மாவிடம் அழுதார். மாமா வாசலிலேயே நின்றார்.

அத்தை போய்விட்டால் எனக்கு வலிக்காமல் தலை பின்ன ஆளில்லை. அம்மா இழுக்கிற இழுப்பு எனக்குத்தான் தெரியும்.

“மாமா முறைக்கல அத்தை! அவருக்குக் கண்ணு சிமிட்டாது. கேமராக்காரரே சொன்னாரு” என்று கத்தினேன். மாமாவை இழுத்து வந்து எதிரே உட்கார வைத்து, யார் முதலில் சிமிட்டுகிறோம் என்று போட்டியே நடத்திக் காட்டினேன். மூன்று முறையும் நான்தான் தோற்றேன். அத்தை கிட்டே வந்து மாமாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். “ஆமா, சிமிட்டவே மாட்டேங்குறாரே” என்று சிரித்துவிட்டார். சேலைகள் பீரோவுக்குத் திரும்பின. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய மிதப்பில் ஒரு வாரம் திரிந்தேன்.

மாமாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியது நாலு வருஷம் கழித்து. பார்க்கின்சன் என்றார் டாக்டர். கண் சிமிட்டுவதையும் மூளைதான் நடத்துகிறதாம். அங்கே சுரக்கும் ஒன்று குறைந்தால் சிமிட்டலும் குறையுமாம், முகம் இறுகிப்போகுமாம். “முன்னாடியே ஏதாவது கவனிச்சீங்களா?” என்று கேட்டார். அத்தை என்னைப் பார்த்தார்.

அன்று நான் மூன்றாவது முறை தோற்றதும் மாமா குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, “நெசமாவே நான் ஒருவாட்டி கூடச் சிமிட்டலையா தாயி?” என்று கேட்டார். ஜெயித்த பெருமையில் கேட்கிறார் என்று நினைத்து, நான் கை தட்டினேன்.