நோயாளியின் கையொப்பம்

செவ்வாய்க்கிழமை தோறும் அவர் வருவார். கக்கத்தில் பழுப்பு நிறக் கோப்புக்கட்டு. மழை நாளில் அவர் தலை நனையும், கட்டு நனையாது. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பில் பகுதியில் இருந்தவர். அலுவலகத்தில் நாங்கள் 'பில் ஐயா' என்போம். அரசாங்க ஊழியர்களின் மருத்துவக் காப்புறுதியிலிருந்து மருத்துவமனைகளுக்குப் பணம் அனுப்புவது எங்கள் வேலை. உண்மையைச் சொன்னால், அனுப்பாமல் இருக்கக் காரணம் கண்டுபிடிப்பதுதான் வேலை. முத்திரை மங்கல், திகதி பிழை என்று நான் திருப்பி அனுப்புவேன். அவர் சளைக்காமல் மறுபடி கொண்டுவருவார். அந்த இழுபறி எனக்குப் பிடித்தே இருந்தது. மூத்த மனிதரை அலைக்கழிக்கிறோம் என்ற கூச்சம்கூட இருக்கவில்லை.

ஒருமுறை கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ரயில்வே ஊழியர் ஒருவரின் கோப்பு வந்தது. 'நோயாளியின் கையொப்பம் இல்லை' என்று எழுதித் திருப்பினேன். மறுபடி வந்தது, அதே வரியை எழுதினேன். மூன்றாம் முறையும் அப்படியே. நாலாவது செவ்வாய் பில் ஐயா வாதாடவில்லை. கோப்பை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"தம்பி, மனுசன் எங்கட வார்ட்டிலயே செத்துப்போனார். மரணச் சான்றிதழ் முதல் தரமே வச்சனான். இனி அந்தக் கையெழுத்தை நான் எங்க போய் வாங்கிறது?"

புரட்டினேன். நாலாவது பக்கத்தில் இருந்தது. மூன்று தடவையும் அங்கேதான் இருந்திருக்கிறது.

"மனுசி காப்பை அடகு வச்சுத்தான் எங்களுக்கு முற்பணம் கட்டினது. நீங்கள் அனுப்பினாத்தான் நாங்கள் அதைத் திருப்பிக் குடுக்கலாம். வாற மாசம் காப்பு ஏலத்துக்குப் போகுது." குரல் உயரவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"பிழை என்னிலதான் ஐயா."

"ஓம்," என்றார். அவ்வளவுதான்.

மனைவியின் கையொப்பத்தோடு ஏற்கலாம் என்று அன்றே குறிப்பெழுதி, மேலதிகாரியின் அறை வாசலில் நின்று ஒப்புதல் வாங்கினேன். பணம் போனது, காப்பும் மீண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இப்போது எல்லாம் கணினியில். 'கையொப்பம் இல்லை' என்ற அந்த வரியை எழுதவே தேவையில்லை, பட்டியலில் தொட்டால் போதும். கடைசிப் பக்கம் வரை வாசிக்காமல் நான் தொடுவதில்லை. இந்த அலுவலகத்தில் மிக மெதுவான ஆள் நான்தான் என்று பகிடி பண்ணுகிறார்கள்.

பணம் போன பிறகு வந்த செவ்வாயும் பில் ஐயா வந்தார். என் மேசைக்கு முன்னால் ஒருவரும் இல்லை. பக்கத்து மேசை மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. இவருக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு அந்த மிஸ்ஸின் நீண்ட வரிசையில் போய் நின்றுகொண்டார்.