துவைத்திருக்கக் கூடாத மஞ்சள் புடவை

போன வருடம் கோடையில் நடந்தது. ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவில் ஒரு மருந்து கம்பெனியில் பீப்பாய் உருட்டுகிறேன். சுற்றிலும் கெமிக்கல்தான், எனக்குத் தெரிந்த கெமிஸ்ட்ரி மூடியை இறுக்கி மூடுவது மட்டும். பள்ளிக்கூடம் என்னை மூன்றாம் வகுப்போடு விட்டுவிட்டது. பாவம், அதுவும் எவ்வளவு நாள்தான் தாங்கும்.

என் மனைவி குவைத்துக்குச் சமையல் வேலைக்குப் போய் அப்போது இரண்டு வருடம். கிளம்பும்முன் கழற்றிய பருத்திப் புடவையை அப்படியே கொடியில் விட்டுப் போயிருந்தாள். வெள்ளைப் புடவையைப் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்து, மஞ்சள் கிழங்கை இடித்துக் கொதிக்கவிட்டு, அவளே சாயம் ஏற்றியது. நான் அதைத் துவைக்கவே இல்லை. அவள் வாசனை அதில் இருந்தது. தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவேன்.

அடுத்த வாரம் லீவில் வருவதாகப் போன் செய்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தரையைக் கழுவினேன், ஃபேனைத் துடைத்தேன். அழுக்குப் புடவையைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று அந்த வேகத்தில் அதையும் சலவை சோடாவில் முக்கினேன். வெளியே எடுத்தால் ரத்தச் சிவப்பு.

வாசலில் அதை ஏந்திக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு அக்கா இந்த ஊரிலேயே பிறந்த தமிழ்க்காரர். 'ஏன்' என்பதற்குக் 'கைக்கு', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்று ஹைதராபாத் உருது கலந்துதான் பேசுவார்.

"கைக்கு தம்பி, பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க?"

"அக்கா, மஞ்சப் புடவை. கொன்னுட்டேன்."

"மஞ்சள்ல சோடா பட்டா செவக்கத்தான் செய்யும். கெமிக்கல் கம்பெனில உங்களையும் வெச்சிருக்காங்க பாருங்க. நக்கோ, இன்னும் தேய்க்காதீங்க. நல்லா அலசுங்க, எலுமிச்சம்பழம் கொண்டாரேன்."

நாலு பழம் பிழிந்த தண்ணீரில் போட்டதும் கண்ணெதிரே சிவப்பு போய் மஞ்சள் திரும்பியது. நிழலில் உலர்த்தி மடித்து வைத்தேன்.

சாயங்காலம் மறுபடி போன்.

"மாமா, இந்த வீட்டம்மாவுக்கு ஆபரேஷனாம். லீவு இல்லன்னுட்டாங்க. இன்னும் ஆறு மாசம் பொறுத்துக்கங்க."

"நல்லதாப் போச்சு. ஃபேன்ல ஒரு இறக்கை பாக்கி இருக்கு," என்றேன். சிரித்தாள்.

போனை வைத்துவிட்டுப் புடவையில் முகம் புதைத்தேன். வெறும் எலுமிச்சை வாசனைதான் வந்தது.

ஆறு மாதம் எப்போதோ தாண்டிவிட்டது, அவள் இன்னும் வரவில்லை. அவள் முடி சிக்கியிருக்கும் சீப்பை மட்டும் நான் சுத்தம் செய்வதில்லை. அதைப் பார்த்துவிட்டு அவள் நேரில் நின்று திட்டப்போகும் நாளுக்காகத்தான் காத்திருக்கிறேன்.