புகை விடாத அண்ணி

என் அண்ணி நீராவி எஞ்சின் ஓட்டுகிறவர். இதைச் சொன்னதும் எல்லோரும், "அப்போ புகையெல்லாம் குபுகுபுன்னு வருமா?" என்று ஆசையாகக் கேட்கிறார்கள். வராது. அதனால் வந்த வம்புதான் இது.

அண்ணி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் பாய்லர் பார்த்தவர். பாய்லர் அறைக்கு மேலே மொட்டைமாடி. அங்கேதான் முந்நூறு வெள்ளை விரிப்புகள் காயும். புகைபோக்கியிலிருந்து கரித்தூள் பறந்து விழுந்தால் அத்தனையையும் மறுபடி துவைக்க வேண்டும், துவைக்கிற பெண்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளவும் வேண்டும். அதனால் கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, புகையே இல்லாமல் எரிக்கப் பழகிவிட்டார்.

ஓய்வு பெற்ற மறுநாள் நேராகப் பழைய ரயில் சங்கத்துக்குப் போனார். ரயில்வே கைவிட்ட பதினொரு கிலோமீட்டர் பாதையில், ஒரு நீராவி எஞ்சினும் ஐந்து பெட்டிகளும் வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் ஆசைக்கு ரயில் விடுகிற சங்கம் அது. சம்பளம் கிடையாது, தொப்பி தருவார்கள். மூன்று வருஷம் டிக்கெட் கொடுத்தார். நான்கு வருஷம் கரி அள்ளினார். பிறகு டிரைவர் பரீட்சை எழுதித் தேறினார். தேறிய அன்று எங்கள் தெருவில் ஒவ்வொரு கதவையும் தட்டிச் சொன்னார், எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக் கதவையும் சேர்த்து.

தையல்காரரான என் அண்ணன்தான் கடைசிப் பெட்டியில் கார்டு. பச்சைக்கொடி, சிவப்புக்கொடி இரண்டையும் அவரே தைத்தார். நான் ஃபயர்மேன், அதாவது கரி அள்ளிப் போடுகிறவன். வார நாட்களில் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அங்கே யாரும் என்னை இப்படி விரட்டுவதில்லை.

இனி ரயில் ரசிகர்கள். கோபப்படாமல் சொல்லப் பார்க்கிறேன். கேமராவும் மைக்குமாகக் காலையிலேயே வந்து பாதையோரம் வரிசையாக நின்றுவிடுவார்கள். வானமே தெரியாதபடி கறுப்புப் புகை வரவேண்டும், காது அடைக்க வேண்டும், முடிந்தால் சக்கரம் பிடிப்பில்லாமல் நின்ற இடத்திலேயே சுழல வேண்டும். அதற்குத்தான் கைதட்டுவார்கள். கரி வீணாவதும் தண்டவாளம் தேய்வதும் அவர்களுக்குப் பொருட்டே இல்லை. அண்ணிக்கு அவர்கள் வைத்த பெயர் ஊதுபத்தி.

அவர்களுக்கெல்லாம் பெரிய தலை ஒரு மருந்துக்கடைக்காரர். முப்பது வருஷமாகக் கையில் ஓட்டக்கடிகாரமும் நோட்டுமாகத் திரிகிறவர். எங்கள் ரயிலுக்குப் பின்னால், ஏற்றத்தில் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு டீசல் எஞ்சினைச் சங்கம் கோத்து வைத்திருந்தது. அது சும்மாதான் வரும். ஆனால் மருந்துக்கடைக்காரர் ரசிகர்களின் மாதத் தாளில், 'ரயிலைத் தள்ளுவது டீசல். ஊதுபத்தி முன்னால் நின்று கைப்பிடியைத் தடவிக்கொண்டிருக்கிறார்' என்று எழுதிவிட்டார். புகையும் சத்தமும் இல்லாமல் ஒரு எஞ்சின் ஏற்றம் ஏறுமென்று அவரால் நம்ப முடியவில்லை.

அதைப் படித்த அன்று அண்ணி சாப்பிடவில்லை. "திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல தம்பி. நான் ஓட்டவே இல்லேன்னு எழுதிட்டாரே" என்றார். எனக்கு நேரே மருந்துக்கடைக்குப் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும்போல் இருந்தது. அண்ணன்தான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

புகார் வலுத்துச் சங்கத் தலைவர் அண்ணியைக் கூப்பிட்டார். "வர ஞாயித்துக்கிழமை டீசலைக் கழட்டிடறோம்மா. ஏறிட்டீங்கன்னா இந்த எஞ்சின் உங்களுது, யாரு என்ன எழுதினாலும் நான் பாத்துக்கறேன். நடுவழியில மாட்டிக்கிட்டீங்கன்னா திரும்ப டிக்கெட் கவுன்ட்டருக்குப் போயிடுங்க."

"சரிங்க" என்றார் அண்ணி. வெளியே வந்து என்னிடம், "கவுன்ட்டர்ல ஒக்காந்துக்கிட்டு அது கிளம்பறதப் பாக்க என்னால முடியாது தம்பி" என்றார்.

ஞாயிறு காலையில் தூறல். நனைந்த தண்டவாளம் எண்ணெய் தடவினதுபோல் வழுக்கும். மருந்துக்கடைக்காரர் முதல் பெட்டியின் முதல் ஜன்னலைப் பிடித்து, மைக்கை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நெருப்பைப் பார்த்தேன். முதல் பத்தரை கிலோமீட்டர் ஒரு குறையும் இல்லை. ஏற்றம் செங்குத்தாகிற வளைவு வந்தது, வளைவைத் தாண்டினோம். அங்கே இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் ஒரு மடக்கு ஏணி, ஏணியின் உச்சியில் குடையோடும் கேமராவோடும் ஒரு ரசிகர்.

அண்ணி பிரேக்கைப் பிடித்தார். ரயில் ஏணிக்கு இருபது அடி தள்ளி நின்றது.

"கொஞ்சம் புகை விடுங்களேன், படம் நல்லா வரும்" என்றார் ஏணிக்காரர்.

நான் சொன்ன பதிலை எழுத முடியாது. அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆனால் அதற்குள் வேண்டியது நடந்துவிட்டது. ஈரத் தண்டவாளத்தில், இருப்பதிலேயே மோசமான ஏற்றத்தில், ஐந்து பெட்டி நிறைய ஆட்களோடு நின்றிருந்தோம். இங்கிருந்து கிளப்புவதென்றால் சக்கரம் வழுக்காமல் இருக்காது. வழுக்கிவிட்டால் டீசல் வந்துதான் இழுக்க வேண்டும்.

பாதையோரமெல்லாம் ரசிகர்கள் ஓடி வந்து கூடிவிட்டார்கள். சக்கரம் சுழலப்போகிறதே, அதைப் படம் பிடிக்கத்தான்.

"தம்பி, மணல் வாளிய எடுத்துக்கிட்டு எறங்குங்க. சக்கரத்துக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் கையாலயே தூவுங்க. மெலிசாப் போதும்" என்றார் அண்ணி.

தூவிவிட்டு ஏறினேன். கடைசிப் பெட்டியில் அண்ணன் பச்சைக்கொடியை ஆட்டினார். அண்ணி ஒரு கையைப் பிரேக்கிலும் மறு கையை ரெகுலேட்டரிலும் வைத்தார். ஆவியை விரற்கடை அளவு திறந்துவிட்டு, பிரேக்கை விடாமல் அப்படியே காத்திருந்தார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"தொறங்க அண்ணி."

"சும்மா இருங்க."

எஞ்சின் லேசாக நடுங்கியது. அப்போதுதான் பிரேக்கை மயிரிழை மயிரிழையாகத் தளர்த்தினார். ஒரு 'குப்' சத்தம் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. தரையில் கிடந்த மணல் வாளி மெதுவாகப் பின்னால் போவதைப் பார்த்துத்தான் ரயில் நகர்கிறது என்றே தெரிந்துகொண்டேன். வாளியைக் கீழேயே மறந்துவிட்டு வந்திருந்தேன்.

ரசிகர்களுக்கும் தெரியவில்லை. கேமராவைக் கண்ணில் வைத்தபடி காத்துக்கொண்டிருந்தவர்களை மூன்று பெட்டிகள் கடந்துபோன பிறகுதான் ஒருவர், "டேய், போகுது" என்றார். உடனே நாலைந்து பேர் டீசலைக் கையும் களவுமாகப் பிடிக்க ரயிலின் வாலைப் பார்த்து ஓடினார்கள். அங்கே இருந்தது என் அண்ணன் மட்டும்தான். அவர்களுக்கும் பச்சைக்கொடி காட்டினாராம்.

மேல் நிலையத்தில் நின்றபோது நான் அழுதுகொண்டிருந்தேன். கரித்தூள் என்று பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷத்தில்தான் அழுதேன். மருந்துக்கடைக்காரர் இறங்கி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அங்கே காத்திருந்த தலைவர் எதிரில் நோட்டைப் பிரித்தார்.

"வண்டி நின்ன நேரத்த எழுதினேன். கிளம்பற நேரத்துக்குக் கடிகாரத்தப் பிடிச்சுக்கிட்டே ஒக்காந்திருந்தேன். நிமிந்து பாத்தா வெளிய இருந்த மரத்தக் காணோம். முப்பது வருஷத்துல இப்படி ஆனதே இல்லங்க" என்றார். பிறகு அண்ணியைப் பார்த்து, "நீங்கதாம்மா ஓட்டறீங்க. நான் எழுதினது தப்பு. அதையும் எழுதிடறேன்" என்றார்.

அண்ணி தலைவரிடம் திரும்பி, "எஞ்சின் என்னுதுதானே?" என்று கேட்டார்.

"உங்களுதுதாம்மா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அண்ணி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். ஏணிக்காரர் அப்போதுதான் ஏணியும் குடையுமாக, மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்திருந்தார்.

"தம்பி, இங்க வாங்க" என்று அண்ணி அவரைக் கூப்பிட்டார். "அடுத்த வாரத்துலேருந்து என் தண்டவாளத்துல ஏணி வெக்கறதா இருந்தா, மொதல்ல என்னைக் கேக்கணும்."

"கேட்டா விடுவீங்களா?"

"மாட்டேன். ஆனா கேக்கணும்."

ஏணிக்காரர் அந்த இடத்திலேயே கேட்டார். அண்ணி மாட்டேன் என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.