பூசை போட்ட கார்

என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஆறாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவது எங்கள் பழைய காரில்தான். அதன் கியர்பாக்ஸ் கெட்டுத் திணறியது. புதிது போட்டால் காரின் விலையைவிட அதிகமாகும் என்றார் தம்போயில் இருக்கும் மெக்கானிக். அப்படியே வாங்கவும் ஆளில்லை. அதனால் பழைய வண்டிகளை வெட்டிப் பிரித்து விற்கும், செனாயில் உள்ள கடைக்குக் கொடுக்க முடிவு செய்தேன். இனி டயாலிசிஸுக்குப் போக அடுத்த வீட்டாரிடம்தான் உதவி கேட்க வேண்டும். எனக்கோ யாரிடமும் எதையும் கேட்கக் கூச்சம்.

போகும் வழியில், கடைசியாக ஒருமுறை கும்பிட்டுப் போகலாமென்று தெப்ராவ் கோயிலில் நிறுத்தினோம். பழைய காரைப் புதிதாக வாங்கியிருக்கிறோம் என்று நினைத்துவிட்டார் பூசாரி. குங்குமம் பூசி, தேங்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

“வெட்டக் கொண்டு போறோம்னு சொல்லுங்களேன்,” என்று மனைவி சிரித்தாள். பூசாரிக்குத் தட்சணை கொடுத்தேன். பழத்தின் மேல் ஏற்றி ஓட்டினேன்.

பானட்டில் ஈரக் குங்குமத்தைப் பார்த்ததும் செனாய் கடைக்காரர் பதறி, ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“அலமாக்! இப்பதான் பூசை போட்ட கார வெட்டச் சொல்றீங்களா? நான் மாட்டேன் லா. என்னண்ணே கோளாறு?”

“கியர்பாக்ஸ்.”

“இதே மாடல் மோதின கார் ஒன்னு பின்னால கெடக்கு. அதுல இருந்து கழட்டி மலிவா மாட்டித் தரேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

கேட்டிருக்கலாம். கேட்கக் கூசியே காரை வெட்டக் கொடுக்க வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்றும் அந்தக் காரில்தான் வந்தோம். மனைவி டயாலிசிஸ் அறைக்குள் இருக்கிறாள். பக்கத்தில் இருந்தவரிடம் பேனா கேட்டு வாங்கி இதை எழுதினேன்.

தைப்பூசத்துக்கு மறுநாள்.