மோப்பமும் மாப்பிள்ளையின் குக்கரும்

கப்பல் அறைக்குள் கெட்டில் ஒளித்து வைக்கும் பயணிகளை அவர் திருடர்களாகக்கூட மதிப்பதில்லை. திருடனுக்காவது தான் செய்வது திருட்டு என்று தெரியும். இவர்களுக்கு அதுகூடத் தெரியாது. கையும் களவுமாகப் பிடித்தாலும், "ஒரு டீ போட்டுக் குடிக்கிறது ஒரு குத்தமாப்பா?" என்று நம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவார்கள்.

உல்லாசக் கப்பல்களில் பத்தொன்பது வருடமாக அவர் அறைப்பணியாளர். ஏழாவது தளத்தில் பதினெட்டு அறைகள் அவர் பொறுப்பு. படுக்கை விரிப்பது, துண்டு மாற்றுவது, கழிவறை தேய்ப்பது எல்லாம் எல்லாப் பணியாளர்களும் செய்கிற வேலைதான். ஒளித்து வைத்த மின்சாமானைப் பிடிப்பதில்தான் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பிடித்ததும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, பொருளை அடித்தளத்தில் இருக்கும் கம்பிக்கூண்டில் கொண்டுபோய்ப் போடுவார். கெட்டில், டோஸ்டர், இஸ்திரிப் பெட்டி என்று கூண்டு நிறைய இருக்கும். அதில் பாதி அவர் கைங்கரியம். கப்பலில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மோப்பம் என்றால்தான் தெரியும்.

மூக்கை வைத்துப் பிடிக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அவர் எண்ணித்தான் பிடித்தார். ஒவ்வொரு குளியலறை வாசலிலும் தலை நனையாமல் இருக்க இரண்டு பிளாஸ்டிக் தொப்பிகள் வைப்பது வழக்கம். முக்கால்வாசிப் பேர் அவற்றைத் தொடவே மாட்டார்கள். ஒரு தொப்பி காணவில்லை, குப்பைக்கூடையிலும் இல்லை, அறையில் இருப்பவர் தலையும் அப்படி ஒன்றும் பாதுகாக்கவேண்டிய தலை இல்லை என்றால், மோப்பம் நேராகக் கூரையை அண்ணாந்து பார்ப்பார். அங்கே புகையைக் கண்டுபிடித்து மணி அடிக்கிற டிடெக்டர், தொப்பி போட்டுக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். ஆவி பட்டு மணி அடித்துவிடக் கூடாதாம். என்ன ஒரு மூளை என்று அவர் பல்லைக் கடிப்பார்.

இந்தக் கோபம் சும்மா வந்ததில்லை. எட்டு வருடத்துக்கு முன்பு, வேறொரு கப்பலில், ஒரு பயணி கோப்பைத் தண்ணீருக்குள் சுருள் ஹீட்டரைப் போட்டுவிட்டு மேல்தளத்துக்கு வேடிக்கை பார்க்கப் போய்விட்டார். தண்ணீர் வற்றி, கோப்பை வெடித்து, திரைச்சீலையில் தீப்பிடித்துக்கொண்டது. அந்த டிடெக்டருக்கும் தொப்பி போட்டிருந்தது. கதவை உடைத்து உள்ளே போன இரண்டு பேரில் மோப்பம் ஒருவர். அவருக்கு முழங்கை வரை வெந்தது. உடன் போனவர் அவருடைய அறைத்தோழர். அந்த மனுஷன் இன்றைக்கும் மூச்சை இழுத்து இழுத்துத்தான் பேசுகிறார். அந்தப் பயணி கரை இறங்கியதும் கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டார். தீ வைத்ததற்கு மன்னிப்பு கேட்டு அல்ல, பெட்டியில் புகை நாற்றம் ஏறிவிட்டது என்று.

இப்போது மோப்பத்துக்கு ஒரு நல்ல காலம் பிறக்கிற மாதிரி இருந்தது. புதிதாகச் சேருகிற பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுக்கக் கரையில் பயிற்சிக்கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஆசிரியர் வேலைக்கு அவர் பெயரைச் சிபாரிசு செய்திருந்தார்கள். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விட்டு வரலாம். அவருடைய மகளுக்குப் பதினான்கு வயது. இத்தனை வருடத்தில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அவளோடு இருந்தது மூன்று வருடம் தேறும். இந்தப் பயணம் ஒரு குற்றமும் குறையும் இல்லாமல் முடிந்தால் வேலை அவருக்கு. அவர் வேலையில் ஏதாவது கோளாறு என்று ஒரு வரி எழுதப்பட்டாலும் இன்னொருவருக்கு.

பார்த்துப் பார்த்து அந்தப் பயணத்தில்தான் தங்கச்சியும் மாப்பிள்ளையும் வந்து ஏறினார்கள்.

பணியாளர்களின் சொந்தக்காரர்களுக்குச் சலுகைச் சீட்டு உண்டு. தங்கச்சிக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. "கடல் காத்து பட்டா நல்லா இருக்கும் அண்ணா" என்று அவள் கேட்டபோது, மறுக்க வாய் வரவில்லை. இவர்களுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொடுத்தார். தங்கச்சி மட்டும் வந்திருந்தால் கவலையே இல்லை. கூடவே மாப்பிள்ளையும் வந்தார்.

மாப்பிள்ளை சமையல் மின்சாமான் கடை வைத்திருப்பவர். உலகத்தில் எங்கே ஒரு பிளக் பாயிண்ட் சும்மா இருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. முதல் நாளே ஆரம்பித்துவிட்டார்.

"என்ன மச்சான், இவ்வளவு பெரிய ரூம் குடுத்திருக்காங்க, ஒரு கெட்டில்கூட இல்ல? நானே உங்க கம்பெனிக்கு எழுதலாம்னு இருக்கேன். ரூமுக்கு ஒரு கெட்டில், ஒரு சின்ன குக்கர். மொத்தமா நானே சப்ளை பண்றேன்."

"தீப்பிடிக்கும் மாப்பிள்ளை. அதனாலதான் வைக்கிறதில்ல."

"ஹோட்டல்ல வைக்கிறாங்களே?"

"ஹோட்டல்ல தீப்பிடிச்சா தெருவுக்கு ஓடிடலாம். இங்க எங்க ஓடுவீங்க?"

"தானா அணையற மாதிரி நல்ல சாமானா நீங்களே வச்சுட்டா, ஜனங்க ஏன் ஓட்டைச் சாமானை ஒளிச்சு எடுத்துட்டு வரப்போறாங்க? கேட்டதைக் குடுக்காம இருக்கறதுதான் தீயே, தெரிஞ்சுக்கோங்க" என்றார் மாப்பிள்ளை, கால்மேல் கால் போட்டுக்கொண்டு.

தங்கச்சி புருஷன். மரியாதை கொடுத்துத்தான் ஆகவேண்டும். மோப்பம் சிரித்துவைத்தார். மனதுக்குள் அவரைக் கூண்டில் போட்டுப் பூட்டினார்.

அன்றைக்கே தங்கச்சி ஒரு காகிதத்தை அவரிடம் கொடுத்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, உப்புப் போடாத தண்ணீர்க்கஞ்சி, சூடாக, கொஞ்சம் கொஞ்சமாக. சாப்பாட்டுக்கூடத்தில் இருக்கும் எதையும் அவள் தொடக்கூடாது. கப்பலில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. பத்தியச் சாப்பாட்டுக்கென்று ஒரு சின்ன சமையலறை இருக்கிறது. அறைப்பணியாளர் படிவம் ஒன்றில் கையெழுத்துப் போட்டு டாக்டர் சீட்டோடு கொடுத்தால், வேளாவேளைக்கு ஃபிளாஸ்கில் வந்துவிடும். இரண்டு அறை தள்ளி இருந்த கிழவர் ஒருவருக்கு மோப்பம் அன்று காலையில்தான் பத்து நிமிடத்தில் அதை முடித்துக் கொடுத்திருந்தார்.

தங்கச்சியின் காகிதத்தை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

காரணம் கேட்டால் வெட்கக்கேடு. பத்தியச் சமையலறையின் தலைமைச் சமையல்காரருக்கு வாய் நீளம். போன பயணத்தில் வேறொரு பணியாளர் தன் மாமியாருக்குக் கேட்டதற்கு, "குடும்பத்துக்குத் தனி அடுப்பு பத்த வச்சாச்சா?" என்று சாப்பிடும் இடத்தில் எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்கிவிட்டார். சலுகைச் சீட்டு, அதற்கு மேல் தனிக் கஞ்சி, கையெழுத்தும் அண்ணனுடையது. சிபாரிசு மேலே போயிருக்கிற நேரத்தில் அந்தப் பேச்சு யார் காதிலாவது விழுந்தால் என்ன ஆவது? சொந்தக்காரிக்குச் சலுகை காட்டினான் என்ற பெயர் வரக்கூடாது என்று பயந்து, முன்பின் தெரியாதவருக்குச் செய்ததைக்கூடத் தங்கச்சிக்குச் செய்யாமல் விட்டார். நாளைக்கு அந்தச் சமையல்காரர் இல்லாத நேரமாகப் பார்த்துக் கொடுக்கலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"கஞ்சி வரலையே அண்ணா" என்றாள் அவள் இரண்டாம் நாள் காலையில்.

"சொல்லியிருக்கேன்மா. வரும்."

சொல்லவில்லை. மாலையில் மறுபடியும் கேட்டாள். "பெரிய கப்பல், கொஞ்சம் லேட்டாகும்" என்றார். அந்த அறையைப் பெருக்கும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் பெருக்கக் கற்றுக்கொண்டார். மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. அவர் வாயை மூடினால் கை ஏதோ செய்கிறது என்று அர்த்தம். அது மோப்பத்துக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார். தங்கச்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மாப்பிள்ளை இல்லை. குளியலறைக்கு வெளியே இருந்த தட்டில் ஒரே ஒரு தொப்பிதான் இருந்தது. தங்கச்சி ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பைத் துடைத்துக்கொள்வதோடு சரி, ஷவரில் குளிப்பதில்லை. மாப்பிள்ளைக்குத் தலையில் மருந்துக்குக்கூட முடி கிடையாது.

அவருக்கு அண்ணாந்து பார்க்கவே மனம் வரவில்லை. பார்த்தார். தொப்பி அங்கேதான் இருந்தது.

குளியலறைக் கதவைத் தள்ளினார். ஈரத் தரையில் ஒரு சின்ன மின்சாரக் குக்கர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மூடி ஒரு பெட்டியில், பாத்திரம் ஒரு பெட்டியில், அடிப்பாகம் துண்டுக்குள் என்று கழற்றி எடுத்து வந்து, கடைக்கார மூளையோடு திரும்பவும் பூட்டியிருக்கிறார் மனுஷன். ஷேவிங் மெஷினுக்கென்று வைத்த ஓட்டையில் அதைச் செருகியிருந்தார். பிளக்கைப் பிடுங்கியபோது மோப்பத்தின் விரல் சுட்டது. வயர் இளகியிருந்தது. இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் சுவரில் தீப்பிடித்திருக்கும்.

"உனக்கு மூளை இருக்கா? அந்த ஆளுக்குத்தான் இல்ல. உனக்கு?" என்று கத்தினார்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். மூன்று நாளில் கன்னம் ஒட்டியிருந்தது. "அவர் மேல கோபப்படாதே. நான்தான் வைக்கச் சொன்னேன்."

"கேட்டா குடுக்கமாட்டாங்களா?"

"உன்கிட்டதானே அண்ணா கேட்டேன்" என்றாள்.

 அதைக் கேட்டதும் அவர் கோபம் இரண்டு மடங்கானது. குக்கரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்க் கூண்டில் போட்டிருக்கலாம். டிடெக்டரை மூடியிருந்ததுதான் விஷயம். மூடியவர்களை அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். அதை மறைத்த பணியாளனுக்கும் அன்றோடு வேலை போகும். தானே பிடித்துக் கொடுத்தால், சொந்தக்காரர்களாக இருந்தாலும் அவன் பெயரில் குறை எழுதமாட்டார்கள். இழுத்து இழுத்துப் பேசும் அந்த அறைத்தோழரை நினைத்தார். மகளை நினைத்தார். மாப்பிள்ளை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்ததையும் நினைத்தார் என்பதை மறைப்பதற்கில்லை. சுவரில் இருந்த போனை எடுத்துப் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட்டார்.

அதிகாரி ஒரு பெண்மணி. குரலை உயர்த்தாமலே ஆளை நடுங்கவைப்பவர். அவர் வந்து தொப்பியைக் கழற்றி, குக்கரைப் படம் எடுத்து முடிப்பதற்குள் மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தார்.

"பட்டினி கெடக்கறா மேடம். வேற என்ன பண்றது? எல்லா ரூம்லயும் ஒரு கெட்டிலாவது வச்சிருந்தா இந்த வேலைக்கு நான் போயிருப்பேனா?" என்று எகிறினார்.

"கெட்டில் வைக்கிறதைப் பத்தி நீங்க கம்பெனிக்கு எழுதிக்கோங்க சார்" என்றார் அதிகாரி. பிறகு தங்கச்சியின் பக்கம் திரும்பி, "நீங்க நோயாளி மாதிரி தெரியுது. பத்தியச் சாப்பாடு கேட்டு, எங்க ஆளுங்க குடுக்காம விட்டிருந்தா விஷயம் வேற. அப்ப தப்பு எங்க மேல. உங்களை எச்சரிச்சு விட்டுடலாம். கேட்டீங்களா?"

தங்கச்சி அண்ணனைப் பார்த்தாள்.

அதிகாரியும் அவர் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட டாக்டர் சீட்டு ஏதாவது குடுத்தாங்களா?"

காகிதம் அவருடைய சட்டைப்பையில்தான் இருந்தது. மூன்று நாளாகச் சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் எடுத்து மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று சொன்னால் தங்கச்சி கப்பலில் இருப்பாள், ஒரு மணி நேரத்தில் கஞ்சி வரும். அவர் பெயருக்கு நேராக அந்த ஒரு வரி விழும், பயிற்சிக்கூடம் போகும். இன்னும் பத்து வருடம் இதே பதினெட்டு அறைகள்.

"இல்லைங்க மேடம். எதுவும் குடுக்கல" என்றார்.

மாப்பிள்ளை பாய்ந்தார். "என்ன மச்சான் சொல்றீங்க? மொத நாளே என் கண்ணு முன்னாடி..."

தங்கச்சி புருஷனின் மணிக்கட்டைப் பிடித்தாள். "விடுங்க" என்றாள். பிறகு அதிகாரியிடம், "நான் யார்கிட்டயும் கேக்கல மேடம்" என்று தெளிவாகச் சொன்னாள். அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.

மத்தியானம் கப்பல் துறைமுகத்தில் நின்றது. இறக்கப்படுகிறவர்களின் பெட்டிகளை அந்த அறையின் பணியாளர்தான் கரைவரை கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். மோப்பம் இரண்டு பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார். மாப்பிள்ளை திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று இறங்கிப் போய் டாக்சி பேசிக்கொண்டிருந்தார். தங்கச்சி வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி, ஒவ்வொரு படியாக இறங்கினாள். கை கொடுக்கப் போனார். அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கீழே வந்ததும் நின்றாள்.

"வேலை கிடைச்சிடுமா?"

"கிடைச்சிடும்மா" என்றார். "நீ அப்படிச் சொல்லலைன்னா..."

"உனக்காகச் சொல்லல. உன் பொண்ணுக்காகச் சொன்னேன். அவளுக்கு அப்பா வேணும்." பெட்டியின் கைப்பிடியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீ கரைக்கு வா அண்ணா. என் வீட்டுக்கு மட்டும் வந்துடாதே."