தண்ணீர் வளர்த்த அக்கா

எங்கள் சந்தைக்கு ஒரு பெரியவர் வருவார். தனிக்கட்டை. பார்வை மங்கல், கையும் நடுங்கும். மீன்கார அக்காவிடம் எப்போதும் ஒரே ஒரு சின்ன மீன்தான் வாங்குவார். அக்கா அதை வெட்டிக் கழுவி, முதுகைக் கீறி, நடுமுள்ளை உருவி எடுப்பாள். பிறகு விரல் நுனியால் தடவித் தடவி மிச்சமிருக்கிற பொடிமுள்ளையும் பிடுங்குவாள். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுத்தாலும் கண்டுகொள்ள மாட்டாள். பொட்டலத்தைக் கையில் வைக்கும்போது, "இந்த மீனுக்கு முள்ளே கிடையாது பெரியவரே, பயப்படாம சாப்பிடுங்க" என்பாள். அவரும் அப்படி ஒரு மீன் உலகத்தில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு போவார். எதிர்க்கடையில் எலுமிச்சம்பழமும் இஞ்சியும் விற்கிற எனக்கு இது தெரியும். அவளிடம் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. பார்க்க வேண்டியவர் மேலே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

அப்பேர்ப்பட்ட கை உள்ளவள் வீட்டில் ஒரு மீன்கூட உயிரோடு தங்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

சந்தையின் பின்வாசல் பக்கம் புதிதாக ஒரு வண்ணமீன் கடை வந்திருந்தது. எங்கள் குழாயில் தண்ணீர் வராத ஒரு காலையில், அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு அங்கே கேட்கப் போனாள். போனவள் வெறும் வாளியோடு திரும்பி வந்தாள்.

"தண்ணி எங்கக்கா?"

"எலுமிச்சை, அங்க மீன் நிமிர்ந்து நிக்குதுடி." என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"மீன் வேற எப்படி நிக்கும்?"

"நம்ம பலகையில ஒரு பக்கமாத்தானே படுத்துக் கிடக்கு? வாழ்நாள் பூரா நான் மீனோட ஒரு கன்னத்தைத்தான் பார்த்திருக்கேன். இது நேரா வந்து என் மூஞ்சியைப் பார்த்து வாயை வாயைத் திறக்குது. பேர் சொல்லிக் கூப்பிடற மாதிரி."

அன்று அவளுக்குத் தராசில் மனதே இல்லை. சாயங்காலம் கடையை மூடியதும் ஒரு கண்ணாடித் தொட்டி, காற்று விடுகிற மோட்டார், தண்ணீரை வடிகட்டும் பஞ்சு, கூழாங்கல், ஒரு பை கப்பி மீன் எல்லாம் வாங்கிவிட்டாள். கப்பி என்பது விரல்கணு அளவு மீன். உடம்பை விட வால் பெரிசு. விசிறி மாதிரி விரித்துக்கொண்டு போகும். அவள் வீட்டில் முன்னறை ஒன்று, சமையலறை ஒன்று, அவ்வளவுதான். டிவி இருந்த மேசையில் தொட்டி ஏறியது. டிவி தரைக்கு இறங்கியது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த அவள் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டு, "படுத்துக்கிட்டுப் பார்க்கவும் வசதியாத்தான் இருக்கு" என்று டிவிக்கு முன்னால் பாயைப் போட்டுக்கொண்டாராம். அவர் அப்படித்தான், சண்டைக்கு வரத் தெரியாத மனிதர்.

அக்காவின் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் மீன் கதைதான். "துடுப்பு இருக்குல்ல, நாம வெட்டிக் கீழ தள்ளுவோமே, அதை அது காது மாதிரி ஆட்டுது" என்று சொல்லிக்கொண்டே துடுப்பை வெட்டுவாள்.

அந்த வாரமே ஒவ்வொன்றாக மிதக்க ஆரம்பித்தன. மறுபடியும் வாங்கினாள். அவையும் போயின. அக்கா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மீன்காரி போய் மீனைப் பற்றி இன்னொருத்தரிடம் கேட்பதா என்ற வீம்பு.

ஐஸ் கொண்டுவந்து கொட்டுகிறவர் ஒருத்தர் உண்டு. வாய் சும்மா இருக்காது. "அக்கா, உங்க மூஞ்சியைப் பார்த்ததுமே அதுங்களுக்குத் தெரிஞ்சுடுது. எப்படியும் வெட்டத்தான் போறாங்கன்னு தானாவே கண்ணை மூடிடுதுங்க."

"மீனுக்கு இமையே கிடையாதுடா. கண்ணை எங்க மூடும்?" என்று அக்கா திருப்பிக் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் கூட்டம் குறைந்ததும் கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"வெட்டுறது என் பிழைப்பு எலுமிச்சை. அதுக்கு நான் வெக்கப்படல. ஆனா என் கையால ஒரே ஒரு மீனாவது நல்லா இருந்துச்சுன்னு இருக்கணும்டி. இன்னும் ஒரு தடவை பார்க்கறேன். அதுவும் போச்சுன்னா தொட்டியை அந்த ஆள்கிட்டயே குடுத்துட்டு, அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்."

அன்றிலிருந்து என் காலைப் பிரார்த்தனையில் என் பிள்ளைகளுக்கு அடுத்து அக்கா இன்னும் வாங்காத மீன்களும் சேர்ந்துகொண்டன. இதற்கெல்லாம் ஆண்டவனைத் தொந்தரவு செய்யலாமா என்று முதலில் கூச்சமாக இருந்தது. மீனையும் அவர்தானே படைத்தார், கேட்டுக்கொள்வார் என்று தோன்றியது. கேட்டுக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் அடுத்து என் கடைக்கு எலுமிச்சம்பழம் வாங்க வந்தவர் அந்த வண்ணமீன்காரர்.

"ஏங்க, எங்க அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லித் தரக்கூடாதா? வாங்குற மீனெல்லாம் செத்துப்போகுது" என்றேன்.

அவர் திகைத்துப்போனார். "அவங்களுக்கு நான் சொல்றதா? மீன்லயே பொறந்து வளர்ந்தவங்க. நான் போன வருஷம் வரைக்கும் செருப்புக் கடை வச்சிருந்தவன்."

நான் விடவில்லை. கையைப் பிடிக்காத குறையாக எதிர்க்கடைக்குக் கூட்டிப்போனேன். அக்கா என்னை முறைத்தாள்.

"தண்ணியை எப்பக்கா மாத்துவீங்க?" என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தினம் சாயங்காலம். முழுசா."

"கல்லு?"

"கொதிக்கிற தண்ணியில போட்டு எடுப்பேன்."

"அந்தப் பஞ்சு?"

"சோப்பு போடலப்பா, எனக்கும் அறிவு இருக்கு. கல்லுப்பு போட்டுத் தேச்சுப் பிழிவேன். கண்ணாடியையும் அப்படித்தான். என் தொட்டியில ஒரு பொட்டு வழவழப்பு பார்க்க முடியாது." சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை.

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அந்த வழவழப்புலதான்க்கா எல்லாமே இருக்கு. கண்ணுக்குத் தெரியாத கிருமி, நல்ல கிருமி, அதுலதான் குடியிருக்கும். மீனோட கழிவை அதுதான் தின்னு தீர்க்கும். நீங்க தினமும் அதைக் கூண்டோட காலி பண்ணிடறீங்க. தண்ணி பளிச்சுன்னு இருக்கும், மீன் அதுல குழாய்த்தண்ணி மருந்தாலயும் தன் கழிவாலயும் மூச்சு முட்டிச் சாகும்."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "அப்ப சுத்தம் பண்ணிச் சுத்தம் பண்ணியே கொன்னிருக்கேன்கறியா?"

அவர் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் பலகையில ஒரு ஈ உட்கார்ந்தது கிடையாது. என்னை அழுக்கா இருங்கறான் இவன்" என்று என்னிடம் முறையிட்டாள். ஆனால் அவர் பின்னாலேயே போனதும் அவள்தான். திரும்பி வரும்போது ஒரு பிளாஸ்டிக் பையை இரண்டே விரலால், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே கருப்பாக, கொழகொழவென்று ஒரு பழைய பஞ்சு. அவர் தன்னுடைய தொட்டியிலிருந்தே எடுத்துக் கொடுத்தது. கூடவே ஒரு துண்டு நீர்ச்செடி.

"இதை உள்ள போட்டுட்டு மோட்டாரை ஓட விடணுமாம். தினம் ஒரு சிட்டிகை தீனி போடணுமாம். மீன் வாங்கக் கூடாதாம். முதல்ல அந்தக் கிருமி பெருகித் தண்ணி பழகணுமாம்."

"மீன் இல்லாம தீனி யாருக்கு?"

"தண்ணிக்கு."

ஐஸ்காரருக்கு இது போதாதா? வருகிறபோதெல்லாம் விசாரணைதான். "என்னக்கா வளர்க்கறீங்க இப்போ?"

"தண்ணி."

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. இன்னும் பல்லு முளைக்கல."

"நடக்க ஆரம்பிச்சா சொல்லுங்க, நான் கூட்டிக்கிட்டுப் போறேன். என்கிட்ட அதோட பெரியண்ணன் இருக்கான்" என்று ஐஸ்கட்டியைத் தட்டுவார்.

வாய் பேசினாளே தவிர, அந்த நாட்கள்தான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தன. வெறும் தண்ணீரைப் பார்த்து எத்தனை நாள்தான் சந்தோஷப்பட முடியும்? கை அரிக்கும். தேய்க்க வேண்டும் போலிருக்கும். அதற்காகவே என் கடைக்கு வந்து என் தட்டுகளைத் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போவாள். அந்த மாதம் என் கடை மாதிரி பளபளத்த கடை சந்தையிலேயே கிடையாது.

அப்புறம் மெல்ல மெல்ல ஒன்று நடந்தது. காலையில் கடை திறக்கும்போதே ஏதாவது ஒரு செய்தியோடு வர ஆரம்பித்தாள். "எலுமிச்சை, செடி புது இலை விட்டிருக்கு. பச்சைன்னா அப்படி ஒரு பச்சை." இன்னொரு நாள், "இன்னிக்குக் கல்லு வழுக்குதுடி." வழுக்குகிற கல்லுக்காக ஒரு மனுஷி அவ்வளவு பூரித்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்காரரும் டிவியை விட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்து, குமிழி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே டீ குடிக்கிறாராம். "அவருக்கு அந்தச் சேனல் பிடிச்சுப்போச்சு" என்றாள்.

பிறகுதான் மீன் வந்தது. வாங்கிப் போன அன்று அக்கா யார் கூப்பிட்டும் திரும்பவில்லை. பையைப் பார்த்துக்கொண்டே நடந்து போனாள்.

சந்தை விடுமுறை நாள் ஒன்றில், மதியம், என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அக்கா. செருப்புக்கூட இல்லை.

"வா. சீக்கிரம் வந்து என் கையைப் பிடிச்சுக்கோ."

ஓடினேன். தொட்டித் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது. உள்ளே மீன்கள் மங்கலாகத் தெரிந்தன. தரையில் வாளி, பிரஷ், கல்லுப்பு எல்லாம் தயாராக இருந்தன. வீட்டுக்காரர் வாளிக்கும் தொட்டிக்கும் நடுவில், கிரீஸ் படிந்த கைகளை விரித்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் யாருக்காவது வழிமறித்து நின்றதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"அப்படியே விட்டா செத்துடும். தேச்சாலும் செத்துடும். நான் என்ன பண்ணுவேன்?" என்றாள்.

அவளைத் தொட்டிக்கு எதிரே உட்கார வைத்து, இரண்டு கையையும் என் மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். கத்தி பிடித்துக் காய்த்த கை. மனசுக்குள் நான் கூப்பிட வேண்டியவரைக் கூப்பிட்டேன். வீட்டுக்காரர் வண்ணமீன்காரருக்குப் போன் போட்டார்.

"தீனி கூடுதலாப் போட்டீங்களா?" என்று அவர் கேட்டது எங்களுக்கும் கேட்டது.

அக்கா தலையைக் குனிந்தாள். "பசிக்குதுன்னு வாயைத் திறந்துச்சு."

"அது எப்பவும் திறக்கும்க்கா. ரெண்டு நாளைக்கு ஒண்ணும் போடாதீங்க. நேத்தே பிடிச்சு வச்ச தண்ணி இருந்தா, கால் பங்கு மட்டும் மாத்துங்க. பஞ்சைத் தொடாதீங்க. சும்மா இருங்க."

சும்மா இருப்பது! அதுதான் அவளுக்குத் தெரியாத ஒரே வேலை. கால் பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு, பிரஷையும் கல்லுப்பையும் என் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அதற்கடுத்த காலைகளில் நான் அவள் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். "இருக்கு" என்று மட்டும் சொல்வாள். மறுநாளும், "இருக்கு." பிறகு ஒரு காலையில், தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்தாள். "தெளிஞ்சுடுச்சு எலுமிச்சை. எல்லாம் இருக்கு. நான் கிட்டப் போனா எல்லாம் என் பக்கமா ஓடி வருது. அவர் போனா வரல. என்னைத் தெரியுதுடி அதுக்கு."

அன்று சாயங்காலம் சந்தையில் பாதிப்பேர் அவள் முன்னறையில் இருந்தோம். உண்மைதான். அவள் வலப்பக்கம் போனால் மீன்கள் வலப்பக்கம், இடப்பக்கம் போனால் இடப்பக்கம். ஐஸ்காரர் குனிந்ததும் அத்தனையும் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. "ஆளைத் தெரிஞ்சு வச்சிருக்கு" என்றாள் அக்கா. அவர் செடிக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார்.

அதற்கும் மேலே ஒன்று பாக்கி இருந்தது. நல்ல வியாபார நேரம். வீட்டுக்காரர் வேலைக்குக்கூடப் போகாமல், மூச்சு வாங்க, சந்தைக்குள் ஓடி வந்தார். "குட்டி போட்டிருக்கு" என்றார்.

"ஆடு எப்ப வாங்கினீங்க?" என்று மீன் வாங்க நின்ற அம்மா கேட்டார்.

அக்காவுக்கே புரியவில்லை. "மீன் முட்டைதானே போடும்? எத்தனை சினைமீன் அறுத்திருப்பேன் நான்." பாதி வெட்டிய மீனை அப்படியே என்னிடம் தள்ளிவிட்டு ஓடினாள். மீனை நான் எங்கே வெட்ட? அந்த அம்மாவும் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டார். அக்கா ஓடியே திரும்பி வந்தாள். சுண்டுவிரல் நகத்தின் ஓரத்தைக் காட்டினாள். "இவ்வளவுதான். கப்பி முட்டை போடாதாம், குட்டியாவே போடுமாம். உடம்பே இல்ல, ரெண்டு கண்ணுதான் நீந்துது. எண்ணவே முடியல, ஓடிக்கிட்டே இருக்கு." அழுதுகொண்டே அந்த அம்மாவின் மீனை வெட்டி முடித்தாள். அம்மாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாங்கிப் போனார்.

சில வருஷம் கழித்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்றதும், ஈரத்தரையில் நின்று நின்று அக்காவின் முழங்காலும் ஓய்வு கேட்டது. வெளியூரில் இருக்கிற மகள் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். கிளம்புகிற அன்று வேன் வாசலில் நின்றது. சட்டி பானை, பாய், டிவி எல்லாம் பின்னால் ஏறின. வண்ணமீன்காரர் வந்து, மீன்களைத் தொட்டித் தண்ணீரோடு பைகளில் பிடித்து, காற்றடைத்து, இறுகக் கட்டிக் கொடுத்தார். அழுக்குப் பஞ்சு தனிப் பையில். அக்கா முன் இருக்கையில் ஏறி, பைகளை மடியில் நிறுத்தி, முந்தானையால் வெயில் படாமல் மூடிக்கொண்டாள். நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல எத்தனையோ வைத்திருந்தேன். கண்ணீர் முந்திக்கொண்டது.

அவள் டிரைவரின் தோளைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அழுதுக்கிட்டு நிக்காதே எலுமிச்சை, கையை எடு. பையில இருக்கற காத்து தீர்றதுக்குள்ள நான் போய்ச் சேரணும்."